கைதட்டல் கூலி ஆகாது

ஐம்பதாயிரம் டாலர். இரண்டாயிரம் டாலர். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் எக்ஸ் கேம்ஸ் விளையாட்டுப் போட்டியில், செங்குத்து ரேம்ப்பில் ஸ்கேட்போர்டு ஓட்டி முதலிடம் பிடித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுக்கப்பட்ட பரிசுத்தொகை இவை. எது யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழுந்தால் எலும்பு முறிவது இருவருக்கும் ஒன்றுபோலத்தான். பரிசில் மட்டும் 25 மடங்கு வித்தியாசம்.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் கலிபோர்னியாவின் ஸ்கேட்போர்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த 25 மடங்கைவிட, அதை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. "பெண்கள் அந்த அளவுக்கு ஆடுவதில்லை, அவர்களைப் பார்க்க ஆளில்லை, ஆடுவதற்கே ஆளில்லை." நமக்குப் பழக்கமான மொழியில் சொன்னால், தகுதி இல்லை, திறமை இல்லை. மண்டல் காலத்திலிருந்து இன்றுவரை நம் காதில் ஓதப்படும் அதே மந்திரம். இது எப்படி வேலை செய்கிறது, எப்படி உடைக்கப்பட்டது என்பதைப் பார்க்க, காரா-பெத் பர்ன்சைட் என்ற ஸ்கேட்டரின் வாழ்க்கை நல்ல பாடம்.

பர்ன்சைட் 1968இல் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் நகரில் பிறந்தவர். அங்கே 'பிக் ஓ' என்றொரு ஸ்கேட் பார்க் இருந்தது. சிறுமியாக அங்கேதான் பழகினார். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும், காப்பீட்டுச் செலவு தாங்காமல் அமெரிக்காவின் ஸ்கேட் பார்க்குகள் வரிசையாக மூடப்பட்டன. பார்க் போனதும் ஆட்டம் தெருவுக்கும், வீட்டுப் பின்கட்டில் சொந்தமாகக் கட்டிக்கொண்ட ரேம்ப்புகளுக்கும் போனது. அந்த இடங்களெல்லாம் பையன்களின் இடங்கள். பொது இடம் மூடப்பட்டால் முதலில் வெளியேறுவது பெண்கள்தான். எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது.

இந்த விளையாட்டில் ஒருவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டைப் போல இதில் வாரியம் கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. ஒரு கம்பெனி உங்கள் பெயரை ஒரு போர்டில் அச்சிட்டு விற்கும். விற்கிற ஒவ்வொரு போர்டுக்கும் உங்களுக்குச் சிறு பங்கு வரும். அப்போதுதான் நீங்கள் 'ப்ரோ'. அதற்கு மேலே ஷூ கம்பெனி ஒப்பந்தம். இவை கிடைக்க வேண்டுமானால் பத்திரிகையில் உங்கள் படம் வர வேண்டும், வீடியோவில் நீங்கள் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் வாங்குகிறார். ஆக, யாருடைய படம் வரும் என்று முடிவு செய்கிறவரே யாருக்குச் சோறு என்பதையும் முடிவு செய்கிறார்.

'த்ராஷர்' என்ற பத்திரிகை 1981இல் தொடங்கியது. ஸ்கேட்டர்களுக்கு வேதம் போன்றது. அதன் அட்டைப்படத்தில் வந்த முதல் பெண் பர்ன்சைட், 1989 ஆகஸ்டில். இரண்டாவது பெண் ஜேமி ரெயஸ், 1994இல். மூன்றாவது பெண் லிஸி அர்மான்டோ, 2017இல். மாதம் ஒரு இதழ் வரும் பத்திரிகையில், இரண்டாவது பெண்ணுக்கும் மூன்றாவது பெண்ணுக்கும் நடுவே 23 ஆண்டுகள். இந்த 23 ஆண்டுகளில் நன்றாக ஓட்டிய பெண்ணே இல்லையா? எலிசா ஸ்டீமர் 1998இல் ப்ரோ ஆனார். 1999இல் வந்த டோனி ஹாக் வீடியோ கேமில் ஸ்கேட்டர்கள் வரிசையில் இருந்த ஒரே பெண் அவர்தான். உலகமெங்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அவரைத் தங்கள் கட்டைவிரலால் ஓட்டினார்கள். அட்டைப்படத்தில் மட்டும் இடமில்லை.

பர்ன்சைட் பெயரில் 1990களில் வேன்ஸ் நிறுவனம் ஒரு ஷூவையே வெளியிட்டது. ஆனாலும் ரேம்ப்பில் பெண்களுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான பெரிய போட்டி இல்லை. பனியில் ஓட்டும் ஸ்னோபோர்டில் பெண்களுக்குப் போட்டி இருந்தது, பரிசும் இருந்தது. அவர் அங்கேயும் இறங்கினார். 1998இல் ஜப்பானின் நாகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, அமெரிக்க அணியில் ஆடி நான்காம் இடம் பிடித்தார். பதக்கத்துக்கு ஒரு படி கீழே. ஒரு விளையாட்டில் தன்னை நிரூபித்த ஒருத்தி, அதில் களம் இல்லாததால் இன்னொரு விளையாட்டில் ஒலிம்பிக் வரை போக முடிந்தது என்றால், குறை திறமையிலா இருந்தது?

எக்ஸ் கேம்ஸ் 1995இல் தொடங்கியது. ஸ்கேட்போர்டில் பெண்களுக்குப் பதக்கப் போட்டி வந்தது 2003இல். செங்குத்து ரேம்ப்பில் அந்த முதல் தங்கத்தை வென்றவர் பர்ன்சைட். அப்போது அவருக்கு வயது 35. இந்த விளையாட்டில் 35 என்பது பலர் முழங்கால் வலியோடு ஒதுங்கிவிடும் வயது. அவருடைய இருபதுகள் முழுக்கப் பெண்களுக்கு அந்த மேடை கட்டப்படவே இல்லை. மேடை வந்தபோதும் பரிசு இரண்டாயிரம். பெண்களின் போட்டிக்குத் தொலைக்காட்சியில் நேரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

'தகுதி' என்ற சொல் வேலை செய்யும் விதம் இதுதான். பரிசு கிடைக்காததால் வேறு வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போனால் பயிற்சிக்கு நேரமில்லை. பயிற்சி குறைந்தால் வித்தை குறையும். வித்தை குறைந்தால் ஒளிபரப்ப மாட்டார்கள். ஒளிபரப்பாவிட்டால் விளம்பரக் கம்பெனி வராது. கம்பெனி வராவிட்டால் பரிசு ஏறாது. இந்த வட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, "பாருங்கள், பெண்கள் அந்த அளவுக்கு ஆடவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது பொய்கூட இல்லை. வட்டத்தைப் போட்டது யார் என்பதை மட்டும் மறைத்துவிடுகிறார்.

நான் படித்த பள்ளியில் விளையாட்டு பீரியட் என்றால் பையன்களுக்கு மைதானம், எங்களுக்கு வேப்பமரத்தடி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினோம். பத்தாவதில் மண்டல அளவிலான போட்டிக்கு அணி எடுக்க வந்தபோது, "இந்தப் பிள்ளைகளுக்கு ஓடவே தெரியவில்லையே" என்று சலித்துக்கொண்டார் ஆசிரியர். ஐந்து வருடம் உட்கார வைத்தவர்களில் அவரும் ஒருவர். சேரியிலிருந்து வந்த எங்களில் சிலர் வயலில் நாற்று சுமந்து வரப்பில் ஓடியவர்கள். அந்த ஓட்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அமெரிக்கப் பெண்கள் இந்த வட்டத்தை எப்படி உடைத்தார்கள்? இன்னும் கொஞ்சம் நன்றாக ஆடிக் காட்டினால் மனமிரங்குவார்கள் என்று காத்திருக்கவில்லை. 2005இல் பர்ன்சைடும் அவருடைய சக ஸ்கேட்டர் மிமி நூப்பும் சேர்ந்து 'ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரேம்ப்பில் ஒருவரையொருவர் தோற்கடிக்க வேண்டிய பெண்கள் ரேம்ப்புக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். ஒளிபரப்பும் நியாயமான பரிசும் இல்லையென்றால் ஆட மாட்டோம் என்று போட்டியை நடத்திய இ.எஸ்.பி.என் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பரிசு படிப்படியாக ஏறி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எக்ஸ் கேம்ஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு என்றானது.

2005இல் இரண்டாயிரத்துக்குத் தகுதியானவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் 25 மடங்கு தகுதி பெற்றுவிட்டார்களா? அப்படி எந்த அற்புதமும் நடக்கவில்லை. அதே பெண்கள், அதே ரேம்ப். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். விலை மாறியது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. பல்வங்கர் பலூவை நினைத்துப் பாருங்கள். செருப்புத் தைக்கும் சாதியில் பிறந்து, புனேயில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்து, இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளராக எழுந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனியாக மண் குவளை. இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரை ஒருமுறைகூட நியமிக்கவில்லை. 1920இல் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும், இந்தச் சாதிப் பாகுபாட்டைப் பொறுத்துக்கொண்டு ஆட முடியாது என்று அறிவித்து அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகே பலூ அணிக்குத் துணைத் தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவரானார். பலூ எடுத்த விக்கெட்டுகளால் திறக்காத கதவு, தம்பிகள் ஆட மறுத்தபோது திறந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பலூவும் பர்ன்சைடும் ஒரே நிலையில் இருந்தவர்கள் அல்ல. பர்ன்சைட் ஒரு வெள்ளைக்காரப் பெண். தொட்டால் தீட்டு என்று அவருக்கு யாரும் தனிக் குவளை வைக்கவில்லை. சாதியும் பாலினப் பாகுபாடும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளப் பயன்படுத்தும் கருவி ஒன்றுதான். 'நீ குறைந்தவள், ஆகவே உனக்குக் குறைவு' என்று அது சொல்லும். 'உனக்குக் குறைவாகக் கொடுத்தோம், ஆகவே குறைந்தவள் ஆக்கினோம்' என்ற உண்மையை ஒருநாளும் சொல்லாது.

சமப் பரிசோடு கதை முடியவில்லை. 2011இல் எக்ஸ் கேம்ஸ் பெண்களின் செங்குத்து ரேம்ப் போட்டியையே நீக்கியது. தெருப் பாணிப் போட்டி தொடர்ந்தது. பர்ன்சைட் தங்கம் வென்ற பிரிவு போய்விட்டது. சமமாகத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்ட இடமே இல்லாமல் போனால், எழுதிக் கொடுத்த சமத்துவத்தை வைத்து என்ன செய்வது? நம் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்களுக்கு நேர்காணல் நடத்திவிட்டு, 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதிக் காலியாகவே போட்டுவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இடஒதுக்கீடு ஏட்டில் இருக்கும். நாற்காலியில் ஆள் இருக்க மாட்டார்.

ஆள் இல்லை என்ற பேச்சுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்த்துவிடலாம். 2023இல் ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ என்ற 13 வயதுச் சிறுமி, செங்குத்து ரேம்ப்பில் காற்றில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி இறங்கினாள். 720 என்று சொல்லப்படும் அந்த வித்தையைப் போட்டியில் செய்த முதல் பெண் அவள்தான். அடுத்த ஆண்டு இரண்டரைச் சுற்று, அதாவது 900. அதே 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம், 14 வயதில். அதற்கு முன்பே, டோக்கியோ ஒலிம்பிக்கில் தெருப் பாணிப் போட்டியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும் பிரேசிலின் ரெய்சா லியாலுக்கும் வயது 13. களம் திறந்து கொஞ்ச காலத்திலேயே குழந்தைகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், அதற்கு முன்பு மூடிக் கிடந்த காலத்தில் எத்தனை பேரை இழந்திருப்போம்?

இனி நம் பக்கம் வருகிறேன். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு கிராமம். யாதவர்கள் ஒரு பக்கம், ஆதிவாசிகள் ஒரு பக்கம் என்று பிரிந்து வாழும் ஊர். உல்ரிக் ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்ணின் முயற்சியில் 2015இல் அங்கே ஒரு ஸ்கேட் பார்க் திறக்கப்பட்டது. இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவர்களுக்கு ஸ்கேட்போர்டு கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே சிமெண்ட் தரையில் வந்து விழுந்து எழுந்தார்கள். தலித் இளைஞர் ஊர்த் தெருவில் சைக்கிளில் ஏறிப் போனால் இறக்கிவிட்டு அடித்த நாடு இது. இங்கே ஒரு கோண்டுச் சிறுமி சக்கரத்தின் மேல் நின்றபடி போவது சாதாரணக் காட்சியல்ல. அந்த ஊரின் ஆஷா கோண்டு 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் சார்பாக ஓட்டினார்.

மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. வெறுங்காலோடு, கவுன் பறக்க, ரேம்ப்பில் இறங்கும் அந்தச் சிறுமியின் படத்தை டோனி ஹாக் தன் பக்கத்தில் பகிர்ந்தார், உலகம் பார்த்தது. கடற்கரையில் மீன் வறுத்து விற்ற அம்மா சுகந்தியையும் கமலியையும் பற்றிச் சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே பிரிவில் விருதை வென்ற படமோ, காபூலில் ஸ்கேட்போர்டு பழகும் சிறுமிகளைப் பற்றியது. அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த ஊர் தாலிபான் கைக்குப் போனது. விருது மேடைக்கு வந்த படங்களை அதற்குப் பிறகு எத்தனை பேர் நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஏழைப் பெண் குழந்தை, வெறுங்கால், சக்கரம், சிரிப்பு. உலகத்துக்கு இந்தப் படம் வேண்டும். எனக்கும் பிடிக்கும். இதை எடுத்தவர்களையும் ரேம்ப் கட்டிக் கொடுத்தவர்களையும் குறை சொல்வது என் நோக்கமல்ல. அரசு செய்யாததை அவர்கள் செய்தார்கள். ஆனால் படத்தின் பயணத்தையும் பிள்ளையின் பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கமலி இன்று அலைச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பட்டம் வென்ற வீராங்கனை. அலைச்சறுக்கில் அவருக்கு வாசலிலேயே கடல் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஆண்டுதோறும் போட்டிகள் இருக்கின்றன. பர்ன்சைட் ஒரு காலத்தில் களம் தேடிப் பனிக்குப் போனதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பர்ன்சைடும் நூப்பும் "ஆட மாட்டோம்" என்று சொல்ல முடிந்தது. ஏனென்றால் அவர்கள் இல்லாவிட்டால் ஒரு போட்டி நின்றுபோகும். பல்வங்கர் சகோதரர்கள் சொல்ல முடிந்தது. ஏனென்றால் அவர்கள் இல்லாவிட்டால் இந்துக்கள் அணி தோற்கும். ஜன்வாரின் சிறுமி "ஆட மாட்டேன்" என்றால் என்ன நிற்கும்? எதுவும் நிற்காது. புறக்கணிக்கக்கூட முதலில் ஒரு மேடை வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இன்னும் அதுவே கட்டப்படவில்லை. ஆகவே நம் வேலை அதற்கு ஒரு படி முன்னால் தொடங்குகிறது.

அது என்ன வேலை? ஸ்கேட்போர்டு இப்போது ஒலிம்பிக் விளையாட்டு. அரசின் காசில், அரசின் நிலத்தில் ரேம்ப் கேட்கலாம். நகரத்துப் பூங்காவில் மட்டும் போதாது, குப்பங்களுக்கும் காலனிகளுக்கும் நடந்து போகிற தூரத்தில் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் அவர்களுக்கே முதலிடமும் என்ற ஜன்வாரின் விதியை எழுத்தில் கேட்கலாம். ஜன்வாரிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் வந்த பெண்களையே சம்பளத்துக்குப் பயிற்சியாளர்களாக நியமிக்கச் சொல்லலாம். போட்டி நடத்துகிறவர்களிடம் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, காயம்பட்டால் யார் செலவு என்று கேட்கலாம். ஸ்கேட்போர்டு தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் ஊரில் கபடிப் போட்டி நடக்கும். நோட்டீஸை எடுத்து, ஆண்கள் முதல் பரிசையும் பெண்கள் முதல் பரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெண்கள் போட்டி இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளைகளை அந்த மைதானத்துக்குள் விடுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அடுத்த முறை ஒரு சேரிப் பிள்ளையோ குப்பத்துப் பிள்ளையோ சக்கரத்தின் மேல் பறக்கும் படம் உங்கள் கைப்பேசிக்கு வரும். தாராளமாக விருப்பக்குறி போடுங்கள், பகிருங்கள். பகிரும்போது கூடவே ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி செய்ய இடம் எங்கே, இவளுக்குச் சம்பளம் எப்போது? இதைப் பத்துப் பேர் கேட்டால் தொந்தரவு. பத்தாயிரம் பேர் கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.